கட்டபெட்டில் ஒரு விமானம் வாங்குவது

மேசையில் மூன்று விமானங்கள்.
ஒன்றின் மேல் அண்ணன் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டான்.
இறக்கையில் வட்டமாய்க் கறை.

சுவிஸ்காரனுக்குப் பின்புறம் பெரிய கதவு.
கார்னேஷன் பெட்டிகளைப்
பலகையோடு அப்படியே ஏற்றலாம்.
விலையை ரூபாயில் மாற்றினேன்.
கால்குலேட்டரில் இடம் போதவில்லை,
ஃபோனைப் படுக்கவைத்துப் படித்தேன்.

பிரெஞ்சுக்காரன் வேகம்.
உள்ளே ஆறு பேர், அவர்களுடைய முழங்கால்கள்,
அவ்வளவுதான்.
பூவை மடியில் வைத்துக்கொண்டா போவது என்றேன்.
பெள்ளிராஜ் சிரிக்கவில்லை.
அவனுக்கு அதன் மூக்கு பிடித்திருக்கிறது.

மூன்றாவது பழசு.
இறக்கை தலைக்கு மேலே, சக்கரம் மடங்காது,
எருமை மாதிரி நிற்கும், எருமை மாதிரி சுமக்கும்.
தொண்ணூற்றெட்டில் பிறந்து
எங்கோ தீவுகளுக்கு நடுவே
மீனும் தபாலும் தூக்கி
பதினோராயிரத்துச் சொச்சம் மணி நேரம்.
விலை மட்டும் மனிதர் வாயால் சொல்லக்கூடியது.

கேப்டன் ஜெசிந்தா கோவையிலிருந்து வந்திருந்தார்,
கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு முறை
வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்துவிட்டு.
வெந்நீர் கேட்டார். பதிவேட்டைக் கேட்டார்.
“மணியைப் பார்க்காதீங்க.
எத்தனை தடவை ஏறி இறங்கியிருக்குன்னு பாருங்க.
எஞ்சினுக்கு வயசாகிறது அதுலதான்.”

எஞ்சின் ஒன்றுதானே,
நின்றுபோனால்? என்று கேட்டேன்.
கேட்கவே கூடாததைக் கேட்டதுபோல
அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவர் வரைபடத்தை விரித்தார்.
காம்பஸ் இல்லை, சர்க்கரை டப்பாவின் மூடி.
“பத்தாயிரம் அடியில அணையுதுன்னு வைங்க.
ஆயிரம் அடி இறங்குறதுக்குள்ள
ரெண்டு மைல் மிதக்கும். கல்லு மாதிரி விழாது.”
மேட்டுப்பாளையத்தை நடுவில் வைத்து
பென்சிலைச் சுற்றினார்.
தெற்கே சூலூர் ஓடுதளம் வட்டத்துக்குள் வந்தது,
காரமடைச் சோளக்காடுகள் வந்தன,
நெடுஞ்சாலை ஒரு துண்டு வந்தது.

வடக்குப் பாதியில் நாங்கள்.

இங்கே? என்று விரல் வைத்தேன்.
வெளியே பார்த்தார்.
சரிவில் தேயிலை, சில்வர் ஓக்,
நனைந்தபடி மேயும் இரண்டு காட்டெருமைகள்,
படுக்கை விரிப்பளவு முட்டைக்கோஸ் பாத்தி.
“இங்க இல்ல” என்றார்.

கணக்குத் தாளில் ஒரு வரி சேர்த்தேன்:
போன நவம்பரில் பாதை சரிந்து
பன்னிரண்டாயிரம் தண்டுகள் குளிர் அறையில் அழுகின,
இந்த மூன்றில் எது மேலே வந்து
அவற்றை எடுத்துப் போயிருக்கும்?
அண்ணன் அந்த வரியை அழித்தான்.
மறுபடி எழுதினேன்.
இரண்டரை மணி நேரத்துக்குக் கீழே
வாடகைக் கொட்டகையில் நிற்கப்போகும் விமானம்,
நடுவில் அதே பாதை, அதே மண்.
அதையும் எழுதினேன்.
அழிக்க வந்தபோது கரண்ட் போயிற்று.

இருட்டில் சொன்னான்:
விடியற்காலை வெட்டினது
மத்தியானம் ஹைதராபாத் கல்யாண மேடையில இருக்கும்.
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் அவனும் பாதிப்பாதி,
வங்கியில் இரண்டு கையெழுத்தும் வேண்டும்.

புறப்படும்போது கேப்டன் சொன்னார்,
எதை எடுத்தாலும் முதலில்
எஞ்சினுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கணும்,
தகடுகளின் நுனி எரிந்திருக்கிறதா என்று.
அண்ணன் தன்னையறியாமல் வயிற்றைத் தடவினான்.
போன வருடம் அவனுக்கும் விட்டார்கள்,
பாதி மயக்கத்தில் செலவு எவ்வளவு என்று கேட்டான்.

அவர் இறங்கிப் போனார்.
மூடுபனியில் பிரேக் விளக்கு
இருமுறை சிவந்து, வளைவுக்குப் பின்னால் போயிற்று.

இரவு பதினொன்றரை.
அண்ணன் தூங்கப் போய்விட்டான், அல்லது
மூக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.
பழசை விற்கிறவனுக்கு எழுதுகிறேன்.
விலையைப் பற்றி இல்லை. கேட்டது இவ்வளவுதான்:
பறக்காத இரவுகளில் அது
கொட்டகைக்குள் நின்றதா, வெளியிலா?
வெளியில் என்றால்
கடல் அதற்கு எந்தப் பக்கம்?