அது பாட்டுக்கு

பாலாற்றில் தண்ணீர் வந்த அன்று
ஆம்பூர்ப் பாலத்தின் கைப்பிடியில் செல்லை வைத்துப்
பதினோரு வரி எழுதிப் போட்டேன்.
எருமையொன்று நீரைக் கண்டு
மிரண்டு நின்றது பற்றி.

இரண்டு நாள் ஒரு ஓட்டும் இல்லை.
மூன்றாம் ராத்திரி
பாட்டுக்கு நாலு காயின் அனுப்பினேன்.
"எந்தப் பாட்டுக்கு?" என்றாள் தில்ஷாத்.
பாட், பாட்.
மனுஷன் இல்லை. காசு வாங்கிக்கொண்டு
அது பாட்டுக்கு ஓட்டுப் போடும்.

டீ ஆறுவதற்குள் இருநூற்றுப் பதினாலு.
இரண்டாம் இடத்தில் என் எருமை.
அதற்கு மேலே ஒருத்தன்
வெறும் புள்ளி ஒன்றைப் போட்டு
ஐந்து காயின் கட்டியிருந்தான்.

ஏழாம் நாள் பங்கு வந்தது:
மூன்றே முக்கால்.

போன தேர்தலில்
கதவிடுக்கில் செருகிய கவரை
பஜார் வரை துரத்திப்போய்த்
திருப்பிக் கொடுத்தவள் தில்ஷாத்.
இப்போது ஒன்றும் சொல்லவில்லை.
செல்லை வாங்கிப்
பதினோரு வரியையும் வாய்விட்டுப் படித்தாள்.
"எருமை அப்புறம் இறங்கிச்சா?"

அதை நான் பார்க்கவில்லை.
ஓட்டு விழுகிறதா என்று
குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.