இரண்டாம் முறை

கதவு திறக்கும் முன்பே எனக்குப் பாதி தெரிந்துவிடும்.
யீஷூன் தாழ்வாரங்களில் பதினோரு ஆண்டு:
அட்டையைக் காட்டு, பூந்தொட்டித் தட்டைக் கவிழ்,
துணிக்கழி செருகும் குழாய்க்குள் டார்ச் அடி.
அதற்கும் முன்னால்
வாசலில் கிடக்கும் செருப்புகள் பேசும்.
யார் வந்திருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள்,
எந்த வீட்டில் குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டது.

இப்போது படுத்திருக்கிறேன்.
தட்டணு முப்பத்தொன்றாயிரம்.
கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணி அறைகிறார்கள்.

டாக்டர் ஹுவீ மின்
கையுறைப் பெட்டியின் முதுகில் வரைந்து காட்டுகிறார்:
செல் ஒவ்வொன்றும்
உள்ளே சமைத்ததில் ஒரு கிள்ளு
வாசலில் கொண்டுவந்து வைக்கும்,
எட்டோ ஒன்பதோ மணி கோத்த துண்டு.
டி செல் வரும். அதற்குக் கண் கிடையாது.
தொடும்.
நம் வீட்டுச் சோறென்றால் நகர்ந்துவிடும்.
வைரஸின் கிள்ளென்றால்
வீட்டையே முடித்துவிடும்.

துண்டை மட்டும் நீட்டினால் தெரியாதாம்.
ஏந்தி நிற்கும் கையும்
நம் கையாக இருக்க வேண்டுமாம்.

"எனக்கு ஏற்கெனவே ஒருமுறை வந்ததே டாக்டர்,
அன்று படித்த செல்கள் எங்கே போயின?"

எங்கும் போகவில்லை, அதுதான் சிக்கல் என்றார்.
டெங்கி நான்கு வகை.
இப்போது வந்தவன் அன்று வந்தவனைப் போலவே இருப்பான்,
ஒரே ஒரு மணி மட்டும் வேறு.
பழைய செல்கள்தான் முந்திக்கொண்டு ஓடும்.
பிடிக்கும், பிடி நழுவும்.
கொல்ல மாட்டாமல் கூச்சல் போடும்,
கூச்சலில் குழாய்கள் கசியும்.
"இது ஒரு விளக்கம்தான். முழுக்கதை எங்களுக்கும் தெரியாது."

அவர் போனபின்
நான்காம் மாடிக் கோடி வீடு ஞாபகம் வந்தது.
போன மாதம்.
ரோஹானா மாக்சிக்கின் பச்சைச் செருப்பு, வழக்கமான இடத்தில்.
தட்டினேன், திறக்கவில்லை.
தெரிந்த வீடுதானே என்று
பட்டியலில் சரி போட்டுவிட்டு இறங்கினேன்.
அவர் மகள் வீட்டுக்குப் போய் மூன்று வாரமாம்.
செருப்பை மட்டும் விட்டுப் போயிருக்கிறார்,
திருடன் பார்க்கட்டும் என்று.
குளியலறை வாளி நிறையத் தண்ணீர்.

என்னைக் கடித்தது அங்கே பிறந்ததா, தெரியாது.
கொசு முகவரி வைத்துவிட்டுப் போவதில்லை.

இரவு இரண்டு மணி. தாதி மரிசெல்.
என்னைத் தெரியும் அவளுக்கு,
மாலையில்தான் என் தலையணையைத் திருப்பிப் போட்டாள்.
ஆனாலும் மணிக்கட்டுப் பட்டையைத் தூக்கி
பெயர் கேட்டாள், அடையாள எண் கேட்டாள்,
நான் முனகியதை எழுத்தெழுத்தாகப் பொருத்திப் பார்த்தாள்.

பிறகுதான் ஊசியை எடுத்தாள்.