சாலு

ஞாயிறு காலை எட்டரைக்கு நான் கடவுளை நினைப்பதில்லை.
எட்டாவது சேனலில் இரைச்சல் வருகிறதே என்று நினைப்பேன்.
கிருஷ்ணகிரி பைபாஸ் ஓரம், டயர் கடை மாடியில்
தகரக் கூரை போட்ட எங்கள் சபை.
மிக்சருக்குப் பின்னால் என் நாற்காலி.
பாடுகிறவர்கள் கண்ணை மூடியிருப்பார்கள்,
நான் திறந்திருப்பேன். அதுவே என் ஊழியம் என்று
ஏழு வருஷமாய்ச் சொல்லிக்கொள்கிறேன்.

கடைசி வரிசையில், கழற்றிப்போட்ட செருப்புகளை ஒட்டி
மார்த்தாள் உட்காருவாள்.
ரேஷன் கார்டில் முனிரத்னம்மா.
மாங்கூழ் ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் முடித்து
நேராக வருகிறவள். விரலிடுக்கெல்லாம்
மாம்பால் பட்டு வெந்த புண்.
கை தட்டினால் எரியும், அதனால்
முழங்காலில் தட்டிக்கொள்வாள், அதுவும் தாளம் தப்பி.
ஜூன் மாதத்தில் அவளைத் தேடி ஈ வரும்.
இருபுறமும் நாற்காலி காலியாய்க் கிடக்கும்.

ஜெபிக்கையில் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள்.
பக்தி என்று நினைப்பார்கள்.
எங்கள் பக்கத்து போர் தண்ணீர்
பல்லில் ஏற்றிவிட்ட பழுப்பு அது.
என் பல்லிலும் இருந்தது.
பெங்களூரில் பணம் கட்டி வெளுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார்,
கூடுதலாய் நாலு ஸ்பீக்கர் கேட்டவர்.
ஸ்தோத்திர வேளையில் மேடையை விட்டு இறங்கி
நடந்து நடந்து
செருப்புகள் வரை வந்து நின்றார்.
முந்தானைக்குள் மார்த்தாள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.
அவள் வாயருகே மைக்கை நீட்டி
என் பக்கம் விரலை உயர்த்தினார்: ஏற்று.
ஏற்றினேன்.

சாலு ஸாமி. சாலு. சாலு.

"அந்நிய பாஷை!" என்றார். சபை ஆர்ப்பரித்தது.
வியாக்கியானமும் அவரே சொன்னார்:
"இன்னும் தருவேன், இரட்டிப்பாய்த் தருவேன்,
வீடும் வாகனமும் தருவேன் என்கிறார் கர்த்தர்!"
ஆமெனில் தகரம் அதிர்ந்தது.

அது தெலுங்கு.
வேப்பனப்பள்ளிக்கு அந்தப் பக்கம்
மாட்டை அதட்டும்போதும் சோறு போடும்போதும்
பேசுகிற தெலுங்கு. என் வீட்டுத் தெலுங்கு.
டவுனுக்கு வந்தபின் மறந்துபோனதாய்
நான் காட்டிக்கொள்ளும் தெலுங்கு.
இன்னொரு கரண்டி இலைக்கு வரும்போது
கையைக் குறுக்கே வைத்து
போதும் என்போமே, அந்தச் சொல்.

எழுந்து சொல்லியிருக்கலாம்.
"சவுண்டு பிரமாதம் தம்பி" என்றார் பிரசங்கியார்.
சிரித்தேன், முழுப் பல்லும் தெரிய.

ராத்திரி பதிவை வெட்டி அவருக்கு அனுப்ப உட்கார்ந்தேன்.
டிரம்ஸைக் கழித்தேன். கீபோர்டைக் கழித்தேன்.
அடியில், மைக் முழுதாய் ஏறுவதற்கு முன்னால்,
அவள் வேறென்னவோ சொல்லியிருந்தாள்:
சீசன் முடியறவரைக்கும் வேலை இருந்தது, சாலு.
பையனுக்குக் காய்ச்சல் இறங்கிடுச்சு, சாலு.
நேத்து பஸ்ஸில் உட்கார இடம் கிடைச்சது.
இதற்கு மட்டும் லேசாய்ச் சிரித்தாள்.
கரண்டியோடு அவர் குனிந்து நிற்பதாகவும்
இலைக்கு மேல் இவள் கை
புண்ணோடு விரிந்திருப்பதாகவும் எனக்குப் பட்டது.

மறுவாரம் அவள் செருப்பைத் தேடும்போது
தெலுங்கில் பேசினேன். நாக்கு இடறியது.
அவர் மாற்றிச் சொல்லிவிட்டார் அக்கா,
எனக்குத் தெரிந்தும் சும்மா இருந்தேன் என்றேன்.
"தெரியும்பா" என்றாள்.
"அவ்ளோ கேக்கறாரே,
அவருக்கு என்ன குறையோ, பாவம்."
அதற்குள் பஸ் வந்துவிட்டது.

பதிவை இன்னும் அனுப்பவில்லை.
இன்று காலையும் எட்டாவது சேனலில் இரைச்சல்.
இரையட்டும் என்று விட்டு
கடைசி வரிசைக்குப் போய்
அவள் பக்கத்துக் காலி நாற்காலியில் உட்கார்ந்தேன்.
அந்தச் சொல் எனக்கு வரவில்லை.
கண்ணை மூடினேன்.
ஒரு ஈ வந்து என் கையிலும் உட்கார்ந்தது.