பலகையில் உள்ள எண்

கோரைமுனை உங்களை அன்புடன் வரவேற்கிறது.
மக்கள்தொகை 4,986.
பேருந்து நிற்காமல் போனால்
இதை மட்டும் வாசித்துவிட்டுப் போவீர்கள்.

அந்த எண்ணைச் சொன்னது நான்தான்.
பட்டா, அடங்கல், பிறப்பு இறப்பு
எல்லாவற்றுக்கும் ஒரே மேசை.
கச்சான் அடிக்கும் மாதங்களில்
பதிவேட்டின் மேல் ஒரு சங்கு வைத்துக்கொள்வேன்.

பீரோவின் அடித்தட்டில் பழைய கணக்கு இருக்கிறது.
ஐம்பத்தொன்றில் தலை 612.
பக்கத்துப் பத்தியில் ஆடுகள், அதே கையெழுத்தில்,
ஆடுகள் கொஞ்சம் அதிகம்.
அறுபத்தொன்றில் 1,140.
எழுபத்தொன்றில் 903.
குறிப்பு என்ற கட்டத்தில் கர்ணம் ஒரே சொல் எழுதியிருக்கிறார்:
புயல்.
மை அந்த இடத்தில் மட்டும் ஊறியிருக்கிறது.
மழை ஒழுகியிருக்கலாம்.

அப்புறம் விசைப்படகு வந்தது, ஐஸ் கம்பெனி வந்தது,
தலைமன்னாரிலிருந்து ஒரே இரவில்
ஒரு தெரு முழுக்க வந்து இறங்கியது.
இவர்களை முகாமில் எண்ணுவதா, இங்கே எண்ணுவதா?
மூன்று கடிதம் போயிருக்கிறது. பதில் ஒன்று:
"விதிகளின்படி நடந்துகொள்ளவும்."

போன கணக்கெடுப்பில் நானே வீடுவீடாகப் போனேன்.
"குவைத்து" என்றார் சுஹராபீவி.
அடுத்த வாசலில் "யாழ்ப்பாணம் ஜெயிலு."
அதற்கடுத்து "மங்களூரு. டிராலர்ல."
வழக்கமாக வசிக்கும் இடம் எது என்று கேட்கிறது படிவம்.
"செருப்பு இங்கதான கிடக்கு, எழுதிக்கிருங்க"
என்றார் நம்புவள்ளி, பாசி காயப்போட்ட கையோடு.
எழுதிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் இப்போது யாரும் பிறப்பதில்லை.
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் பிறந்து
நாலாம் நாள் ஆட்டோவில் வந்து இறங்குகிறார்கள்.
அவர்கள் பெயர் அந்த ஊர்ப் பதிவேட்டில்.
என்னிடம் இருப்பதெல்லாம் சாவு மட்டும்.
என் பேரேட்டை மட்டும் நம்பினால்
ஊர் எப்போதோ காலியாகியிருக்க வேண்டும்.

ஐயாயிரம் ஆகிவிட்டால் பேரூராட்சி கேட்கலாம்.
சோடியம் விளக்கு, தண்ணீர் லாரிக்குப் பதில் குழாய்.
பதினாலு பேர்தான் குறைவு.
"சாகுறதக் கொஞ்சம் மெதுவாப் பதிங்க சார்" என்று
சிரிக்காமல் சொன்னார் தலைவர் பாஸ்டின்.

மெதுவாகப் பதிய சட்டமே இடம் தருகிறது.
கடலுக்குப் போனவன் உடலாகத் திரும்பினால்
அன்றைக்கே கழித்துவிடலாம்.
திரும்பவே இல்லையென்றால்
ஏழு வருஷம் அவன் ஊரில்தான் இருக்கிறான்.
ரேஷன் அட்டையில், வாக்காளர் பட்டியலில்,
நீங்கள் வாசித்த அந்த 4,986இல்.

செங்கோலின் மனைவி மரியரோசாள்
முதல் வருஷம் "எழுதிராதீங்க" என்று வந்தார்.
மூன்றாம் வருஷம்
மூத்தவளுக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டவேண்டிய ஜூனில்
"எழுதிக் குடுங்க" என்று வந்தார்.
இரண்டு முறையும் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது.

போன வியாழக்கிழமை கோர்ட்டு உத்தரவோடு வந்தார்.
பேனாவைத் திறந்தேன்.
பெயர். தகப்பன் பெயர். தொழில்.
இறந்த தேதி என்ற இடத்தில் கை நின்றது.
படகு போன தேதியைப் போடவா என்று கேட்டேன்.

அவர் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார்.
"இன்னிக்குத் தேதி போடுங்க.
நேத்துவரைக்கும்
உங்க கணக்குல இருந்தாருல்ல."

அப்படிப் போட முடியாது.
உத்தரவில் என்ன இருக்கிறதோ அதைத்தான் எழுதினேன்.
ஐந்து நகல் கேட்டார்.
மீன்துறைக்கு, வங்கிக்கு, நலவாரியத்துக்கு, பள்ளிக்கூடத்துக்கு.
ஐந்தாவது எதற்கென்று நான் கேட்கவில்லை.

பெயின்டர் வந்து நிற்கிறான்,
ஆறை அழித்து ஐந்து போடவா என்று.
சுஹராபீவியின் மருமகள்
திங்கட்கிழமை பிள்ளையோடு வருகிறாளாம்.

பொறு என்று சொல்லியிருக்கிறேன்.