வருகைப் பதிவு

பறக்கும் ரயில் நிலையங்களில்
மேல்மாடிக் கூடங்களுக்கு யாரும் போவதில்லை.
எதற்குக் கட்டினார்களோ,
ஒரு கல்யாணமே நடத்தலாம், அவ்வளவு இடம்.
எஸ்கலேட்டர் நின்று எத்தனை வருடம் என்று
டிக்கெட் கொடுப்பவருக்கும் தெரியாது.

செவ்வாய்க்கிழமைகளில் அங்கே உட்கார்ந்திருப்பேன்
நோட்டும் கையுமாக,
எந்த ரயிலிலும் ஏறாமல்.
ஒருமுறை போலீஸ்காரர் கேட்டார்:
யாருக்காக வெயிட் பண்றீங்க மேடம்?
கூடப் படித்தவளுக்காக என்றேன்.
லேட்டா அவங்க?
ஆமாம் சார். ரொம்ப லேட்.

இந்த ஊரில் பேய் எழுதுவது லேசில்லை.
புளியமரத்தைச் சாலைக்காக எடுத்துவிட்டார்கள்.
கிணற்றை மூடி மேலே கார் நிறுத்துகிறார்கள்.
ஆகவே என் பேய்கள்
தண்ணீர் லாரியின் பின்னேணியில் தொங்கி வரும்.
டியூஷன் சென்டரில்
ஏசிக்கு நேர் கீழே, யாருக்கும் பிடிக்காத அந்த இடத்தில் உட்காரும்.
கால் கிடையாதுதான். ஆனால் ஷூ உண்டு,
பாலிஷ் போட்டது.

முதல் வரைவு கையால்,
மாதக் காலண்டரின் முதுகில்,
பதினொரு மணிக்கு மேல் ஃபேனை அணைத்துவிட்டு.
வியர்க்க வேண்டும்.
பிடரியில் ஒரு சொட்டு இறங்கும்போது வருகிற வாக்கியத்தை
நான் அநேகமாக அடிப்பதில்லை.

இரண்டாம் வரைவு, இரண்டாம் மாடி அஃப்ரினுக்கு.
வயது பதினைந்து. கருணை கிடையாது.
ஓரத்தில் பென்சிலால் எழுதித் தருவாள்:
இந்தப் பேய் ஏன் இவ்ளோ நல்ல தமிழ் பேசுது?
ரத்தம் போர். தூக்கிடுங்க.
செத்தவ போன்ல சார்ஜ் எவ்ளோன்னு சொல்லவே இல்ல.
அந்தக் கடைசிக் கேள்வியிலிருந்து
ஒரு நாவலே வந்தது.
நான்கு சதவீதம்.
இறங்கவே இறங்காத நான்கு சதவீதம்.

அட்டையில் வெள்ளைப்புடவை போட்டுவிடலாமா
என்கிறார் பதிப்பாளர்.
பதினைந்து வயதுக்காரி
வெள்ளைப்புடவைக்கு எங்கே போவாள் சார்?
யூனிஃபார்ம்தான். பச்சைக் கட்டம்.
இடது பாக்கெட்டில் மை கசிந்த கறை.

கறையை மட்டும் நான் கற்பனை செய்யவில்லை.

பெரம்பூர். பத்தாம் வகுப்பு, இ பிரிவு.
ஜன்னலுக்கு வெளியே ரயில்வே ஒர்க் ஷாப்பின் சங்கு.
பத்தொன்பதாம் எண் ஹெப்சிபா,
அரையாண்டு லீவில், மஞ்சள் காமாலை.
பள்ளி திறந்த அன்று இரண்டு நிமிட மௌனம்.
நடுவில் யாருக்கோ விக்கல் எடுத்தது,
சிரிப்பை அடக்கி அடக்கி
எங்களுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

மறுநாள் காலை வருகைப் பதிவு.
பதினெட்டு என்ற டீச்சர்
பழக்கத்தில், தலை நிமிராமல்,
பத்தொன்பது என்றார்.

ஃபேன் சுற்றும் சத்தம்.

உள்ளேன் டீச்சர்.

டிக் போட்டார். இருபது என்றார்.
அப்புறம்தான் பேனா நின்றது.
மொத்த வகுப்பும் திரும்பியது காலி இடத்தை நோக்கி.
இரண்டு பேர் அழுதார்கள்.
ஒருத்திக்கு மூன்று நாள் காய்ச்சல்.
பாஸ்டர் வந்து பெஞ்சில் கை வைத்து ஜெபித்துவிட்டுப் போனார்.
வெள்ளை மை பூசி அழித்த அந்த டிக்
வெயிலில் தூக்கிப் பிடித்தால் அடியில் தெரியும்.

முதல் பேய்க்கதை எப்போது எழுதினீர்கள்
என்று பள்ளிக்கூட விழாக்களில் கேட்கிறார்கள்.
முதல் புத்தகம் வந்த வருடத்தைச் சொல்லிவைக்கிறேன்.

குரல் என்னுடையது.

பயமுறுத்த இல்லை.
பதினெட்டுக்கும் இருபதுக்கும் நடுவே
அவ்வளவு நீளமான அமைதியை
அதற்கு முன் நான் கேட்டதில்லை,
வாய் தானாகத் திறந்துகொண்டது.
என் எண் இருபத்தேழு.
அன்று பதிவு இருபதோடு நின்றுபோனது.
அவள் வந்ததற்குக் கணக்கு இருக்கிறது,
நான் வந்ததற்கு இல்லை.

இப்போதுதான் எழுதியிருக்கிறேன் இதை, ஏழாம் அத்தியாயமாக.
அஃப்ரின் ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை.
மாடிப்படியில் மடக்கிக் கேட்டாள்:
அந்த வாய்ஸ் யாருதுன்னு
கடைசி வரைக்கும் சொல்லவே இல்லியே ஆன்ட்டி,
நைட் ஃபுல்லா லைட்டு போட்டுட்டுத்தான் தூங்கினேன்.

நல்லது என்றேன்.
மேலே வந்து
பத்தொன்பதை அடித்து முப்பத்தொன்று என்று மாற்றினேன்.
ஃபேனை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
திரும்பவும் பத்தொன்பது.