எழுபதாவது ராடு

அவென்யூ ரோட்டு நடைபாதையில்
அறுபது ரூபாய்க்கு வாங்கினேன்.
அட்டை இல்லை. முதல் எட்டுப் பக்கமும் இல்லை.
அதனால் எழுதியவர் யாரென்று தெரியாது,
கரையும் கிடையாது.
ஒன்பதாம் பக்கத்திலேயே தண்ணீருக்குள் இறங்கிவிடுகிறது.

ஹூடியில் இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவே
ஜாக்கி போட்டு நிற்கிறது எங்கள் வண்டி.
திருச்செங்கோட்டு போர்வெல். ஆறு பேர்.
என் வேலை கணக்கு.
ராடு ஒன்றுக்கு இருபது அடி,
ராடு இறங்கினால் நோட்டில் ஒரு கோடு.
கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே ஏழெட்டு நிமிடம்.
காதில் பஞ்சு இருந்தால்
இரண்டு பக்கம் படிக்கலாம்.

பத்தாவது ராடு.
செம்மண் எப்போதோ முடிந்துவிட்டது.
புத்தகத்தில் இன்னும் பச்சை வெளிச்சம்.
ஆமையொன்று சொறிமீனை மெல்லுகிறது,
அவசரமே இல்லாமல்.

முப்பத்து மூன்றாவது ராடில்
வெயில் இவ்வளவுதான் என்கிறது புத்தகம்.
இதற்குக் கீழே பாசிகூடக் கிடையாது.
கோடு போட்டுவிட்டு ஓரத்தில் எழுதி வைத்தேன்:
660 – வெயில் முடிந்தது.
முதலாளி பார்த்தால்
இதற்கு அடிக்கு என்ன ரேட் என்பார்.

ராடு மாட்டுகிற புத்ராம், சத்தீஸ்கர் பையன்,
கிரீஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
எட்டிப் பார்த்தான்.
நெற்றியில் விளக்கு தொங்கும் மீன்,
வாய் முழுக்க ஊசி.
எங்கள் ஹாலஜனை நிமிர்ந்து பார்த்தான்.
மறுபடி மீனை.
இதுக்கும் நைட் ஷிப்டா, என்றான் இந்தியில்.
ஆமாம்.
சம்பளம்?
வாய்க்குள் வருவதுதான்.

ஐம்பதாவது ராடில் பத்மஜா மேடம் வந்தார்,
குடியிருப்புச் சங்கச் செயலாளர், சால்வையோடு.
நீரு பந்தா?
நல்லசிவம் அண்ணன் தலையை ஆட்டினார்.
வருவது மாவு.
இதே காம்பவுண்டில் இது மூன்றாவது ஓட்டை.

கண்டோன்மெண்ட் ஸ்டேஷன் மஞ்சள் பலகையில்
கடல்மட்டத்துக்கு மேலே
தொள்ளாயிரத்துச் சொச்சம் மீட்டர் என்றிருக்கும்.
இந்த ஊரில் கடல் என்று எழுதி நான் பார்த்தது
அங்கே மட்டும்தான்.
அடியாக்கினால் மூவாயிரம்,
ராடாக்கினால் நூற்றைம்பது.
அத்தனையும் இறக்கினால் கடல்மட்டம் வரும்.
கடல் வராது.
மட்டம் மட்டும்.

எழுபதாவது ராடு. ஆயிரத்து நானூறு.
புத்தகம் எப்போதோ என்னை முந்திக்கொண்டு
அடிமடிக்குப் போய்விட்டது.
அங்கே எந்நேரமும் பனி பெய்கிறதாம்.
மேலே செத்தது, தின்றதில் மிஞ்சியது,
செதில், மலம்,
பொடிப்பொடியாக
வாரக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கிறதாம்.
வாயைத் திறந்து வைத்துக்கொண்டு
கண்ணில்லாதவை காத்திருக்கின்றன.
மேலே இருப்பது யாரென்று அவற்றுக்குத் தெரியாது.

பக்கத்தைப் புரட்டப் போனால் வரி தெரியவில்லை.
கல்மாவு.
புத்ராமின் இமையில்,
வரிசையாக நிற்கும் கார்களில்,
நாலாம் மாடியில் யாரோ எடுக்க மறந்த
பள்ளிக்கூடச் சட்டையில்.
எங்கள் பனி முதலில் மேலே போகிறது,
பிறகுதான் பெய்கிறது.
ஊதினேன். பாதி எழுத்து திரும்பி வந்தது.

கம்ப்ரசர் நின்றதும்
நாய் குரைப்பது கேட்டது.
போதும்டா, என்றார் அண்ணன்.

பத்மஜா மேடம் நோட்டில் விரல் வைத்தார்.
660க்குப் பக்கத்தில் என்னவோ எழுதியிருக்கே?
பாறை மாறின இடம் மேடம்.
கீழே கையெழுத்துப் போட்டார்.

ராடுகளை உருவத் தொடங்கினோம்.
எழுபது, அறுபத்தொன்பது, அறுபத்தெட்டு.
கோடு போட வேண்டியதில்லை,
ஆனாலும் படிக்கவில்லை.
முப்பதுக்கு வந்தபோது புத்ராம் கேட்டான்:
விடிஞ்சா அந்த விளக்கு மீன் என்ன பண்ணும்?

அங்கே விடியாது என்று சொல்வதற்குள்
கேட்டில் ஹாரன்.
முதல் தண்ணி லாரி.
வண்டியைக் கொஞ்சம் ஒதுக்கச் சொன்னார்கள்.