புள்ளி

ரூவி. மாதக் கடைசி வியாழன்.
பணம் அனுப்பும் கடைக்கு மேல்மாடி.
சர்வருக்குப் போட்ட குளிரில்
ஸ்வெட்டரோடு நான். வெளியே நாற்பத்தொன்று.

கறுப்புத் திரையில் மௌஸுக்கு வேலையில்லை.
டிக்ளேர் என்று அடித்தேன், ஒரு வரிசை பிறந்தது.
ட்யூரபிள் என்று சேர்த்தேன்.
கரண்ட் போய் வந்தாலும்
நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும் எல்லோரும்.
அதைச் சேர்க்க மறந்த ஒரு மார்ச் மாதம்
முந்நூறு பேரின் பணம்
சரி, அது வேறு கதை.

அடுத்து, செத்த கடிதங்களுக்கான வரிசை.
நான் வைத்த பெயரில்லை, மேனுவலில் அப்படித்தான்.
யாரும் ஏற்காதது, கெடு தாண்டியது
எல்லாம் இங்கே வந்து விழும்.

ஹிலால் போனில் கேட்டார்: கலாஸ்?
கலாஸ், என்றேன்.

பதினோரு மணி ஏழு நிமிடம்.
செத்தது: ஒன்று.
வரிசையைக் கலைக்காமல் எடுத்துப் பார்த்தேன்.
செவத்தையா.
அறுபத்திரண்டு ரியால் ஐந்நூறு பைசா,
திசையன்விளை கிளை.
காரணம்: குடும்பப்பெயர் காலி.

பிறகு ஐந்து. பிறகு பத்தொன்பது.
பிச்சைக்கனி, சுடலைமாடன், இசக்கி,
ஒற்றைப் பெயரை வைத்துக்கொண்டே
கடல் தாண்டி வந்துவிட்டவர்கள்.

என்னை இங்கே மிஸ்டர் தேவஇரக்கம் என்பார்கள்.
அது அப்பா.
ஃபாரத்தில் இரண்டாவது கட்டம் கேட்டது,
அவரைத் தூக்கி விசாவில் ஏற்றிவிட்டேன்.
எட்டு வருஷமாய்ச் சம்பளமும் அவர் பெயருக்குத்தான்.
தூத்துக்குடியைத் தாண்டாத மனுஷர்.

கவுன்டரிலிருந்து மேலே வந்த ஜோஸலின்
எட்டிப் பார்த்துச் சொன்னாள்:
புள்ளி வை சார். பழைய சிஸ்டத்தில்
காலிக் கட்டத்துக்கெல்லாம் புள்ளிதான்.

புள்ளி.
எழுத்தின் தலையில் வைத்தால்
உயிரை எடுத்துவிடுகிற அதே புள்ளி.

வைத்தேன்.
செத்த வரிசையிலிருந்து அள்ளி
மறுபடி நல்ல வரிசையில் கொட்டுகிற கருவிக்கு
ஷவல் என்று பெயர். மண்வெட்டியேதான்.
வாரம் முழுக்க அதைப் பிடித்தவர்களுக்காக
நான் ஒருமுறை பிடித்தேன், விரல்நுனியால்.

பதினெட்டு போய்ச் சேர்ந்தது.
இசக்கி மட்டும் திரும்பி வந்தார்.
பெயரில் குறையில்லை இப்போது.
கிளைக் குறியீட்டில், பூஜ்ஜியம் இருக்கவேண்டிய இடத்தில்
யாரோ ஓ போட்டிருக்கிறார்கள்.

போன் போட்டுக் கேட்கவேண்டும்.
மணி ஒன்று.
நாலரைக்கு அவருக்கு லாரி வரும்.